அருகிலுள்ள வண்டி எது?

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் பெருவீதியில், இரத்தினபுரிக்குச் சற்று முன்னதாகவே குருவிட்ட என்னும் சிறு பட்டணம் வந்துவிடுகிறது. இறப்பரும் தேயிலையும் சூழ்ந்த இத்தகைய சபரகமுவப் பட்டணங்களில், பஸ்ஸை விட்டிறங்கி அரிசி மூட்டையோடு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்ப வேண்டிய ஒருவர், வரிசையாக நிற்கும் முச்சக்கரவண்டிகளுக்குள்ளே தமக்குப் பழக்கமான சாரதியைக் கண்டு மூன்றாவது வண்டியில் ஏறப் போனாரானால், அந்தச் சாரதியே, “முன்னுக்கு நிக்கிற வண்டியில போங்க அண்ணே” என்று கையைக் காட்டிவிடுவார். முதலில் வந்து நின்றவனுக்கே முதல் ஹயர் என்பது தரிப்பிடத்தின் சட்டம். அதை எழுதிவைத்தவர் எவருமில்லை. மீறியவன் மறுநாள் அங்கே வண்டியை நிறுத்துவதுதான் சிரமம்.

சாரதியையும் பிரயாணியையும் பொருத்திவைக்கும் இந்தப் பழைய முறைக்கு, 2015-ஆம் ஆண்டிலே கொழும்பில் ஒரு போட்டி உண்டாயிற்று. உள்நாட்டு நிறுவனமாகிய பிக்மீயும், 2009-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த ஊபரும் அந்த ஒரே ஆண்டில் அங்கு சேவையைத் தொடங்கின. கைத்தொலைபேசியில் விரலை வைத்தால் வண்டி வாசலுக்கு வருகிறது. எந்த வண்டி வரவேண்டும் என்பதை எங்கோ இருக்கும் கணினி தீர்மானிக்கிறது. செய்மதிகளின் உதவியால் ஒவ்வொரு சாரதியும் நிற்கும் இடத்தை அறிந்து, மிக அண்மையிலுள்ள வண்டியை அது அனுப்பிவிடுகிறது என்பதே ஜனங்களின் பொதுவான அபிப்பிராயம். ஆரம்ப காலத்தில் காரியம் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. ஆனால் அந்த முறையில் ஒரு தோஷம் ஒளிந்திருக்கிறது.

குருவிட்டக் கடைவீதியில் நிற்கும் ஒருவர் வண்டி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்துப் பக்கமாக நிற்கும் வண்டி அவரிடம் வர 2 நிமிஷமும், பாலத்துக்கு அப்பால் நிற்கும் வண்டி வர 3 நிமிஷமும் ஆகும். அருகிலிருப்பது தோட்டத்துப் பக்கத்து வண்டிதான் என்று அதை உடனே அனுப்பிவிட்டால், அடுத்த கணமே, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தோட்டத்திலிருந்து வண்டி கேட்கும் தாய்க்கு, 4 நிமிஷத்தில் வந்திருக்கக்கூடிய அதே வண்டி கைநழுவிப் போய், பாலத்துக்கு அப்பாலுள்ள வண்டி கடைவீதியைக் கடந்து வந்து சேர 9 நிமிஷம் பிடிக்கும். கடைவீதிக்காரர் ஒரே ஒரு நிமிஷம் அதிகமாகக் காத்திருக்கச் சம்மதித்தால், தாய்க்கு 5 நிமிஷம் மிச்சம். ஆகவே, வேண்டுகோள் வந்த மாத்திரத்தில் அவசரப்பட்டு வண்டியைக் கொடுத்துவிடாமல், சில வினாடிகள் பொறுத்து, அதற்குள் வந்த எல்லா வேண்டுகோள்களையும் காலியாயுள்ள எல்லா வண்டிகளையும் ஒருங்கே எதிரெதிர் வைத்து, மொத்தக் காத்திருப்பு மிகக் குறைவாய் வரும் ஜோடிகளைச் சேர்ப்பதே இன்றைய உபாயம்.

சொல்வது எளிது, கணக்கோ பயங்கரமானது. 10 வண்டிகளையும் 10 பிரயாணிகளையும் ஜோடி சேர்க்க 36 இலட்சத்து 28 ஆயிரத்து 800 வழிகள் உண்டு. நல்ல வேளையாக, அத்தனையையும் சோதித்துப் பார்க்காமலே உத்தமமானதைக் கண்டுபிடிக்கும் யுக்தியை அமெரிக்கக் கணித நிபுணர் ஹரோல்ட் கூன் 1955-இல் வெளியிட்டார். தமக்கு வழிகாட்டிய கேனிக், எகர்வாரி என்ற இரு ஹங்கேரியரை முன்னிட்டு அதற்கு ஹங்கேரிய முறை என்றே பெயரிட்டார். 1851-இல் காலஞ்சென்ற யாகோபி என்னும் ஜெர்மானிய மேதை இதே விஷயத்தை முன்னமே கண்டிருந்தார் என்பது பின்னாளில் தெரியவந்தது. வாடகை வண்டி எதையும் மனத்திற் கொண்டு அவர் அதைச் செய்திருக்க முடியாது.

இவ்வளவு கணிதமும் நம்பியிருப்பது வரைபடத்தை. மலைநாட்டிலே அதுதான் முதலில் ஏமாற்றும். நேர்கோட்டில் கூப்பிடு தூரத்திலிருக்கும் லயத்துக்கு, மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் தோட்டத்துப் பாதையில் கால் மணி நேரம் பிடிக்கலாம். சென்ற மழையில் எந்த வளைவு கரைந்து போயிற்று என்பது சாரதிக்குத் தெரியுமேயன்றிச் செய்மதிக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய சங்கடம் விலாசம். பரம்பரை பரம்பரையாகத் தோட்டத்து ஜனங்கள் பலருக்குத் தனி வீட்டு விலாசமே இருந்ததில்லை. அத்தகைய லயத்துக் குடும்பங்களுக்குத் தோட்டத்தின் பெயரே விலாசம். கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்துக்கே வந்து சேரும். “மேட்டு லயத்தில, பலா மரத்துக்குப் பக்கம்” என்றால் உள்ளூர்ச் சாரதிக்கு அதுவே போதும்.

வண்டிகள் நெருக்கமாயுள்ள நகரத்திலேதான் இந்தப் பொருத்தும் வித்தை சோபிக்கிறது. காலி வண்டிகள் குறைந்துவிட்டால், கணினி வெகு தூரத்திலிருந்து ஒன்றைப் பிடித்து அனுப்ப, அது பிரயாணியைத் தேடி வெறுமனே ஓடுவதிலேயே காலம் கழிய, அதனால் காலி வண்டிகள் மேலும் குறைய, அடுத்தவருக்கு இன்னும் தூரத்திலிருந்து வண்டி வர நேரும். இந்தச் சுழலில் அகப்படாதிருக்கவே நிறுவனங்கள் நெருக்கடி வேளையில் கட்டணத்தை உயர்த்துகின்றன. குறித்த தூர எல்லைக்கு அப்பாலுள்ள வண்டியைக் கொடுக்க மறுக்கின்றன. ஏறியிறங்கும் கட்டணத்தை நான் விரும்புகிறவனல்லன். ஆயினும் அதற்கு ஒரு காரணம் உண்டென்பதை மறைக்கலாகாது.

இலாபத்தைப் பார்த்தால் கணினியின் தீர்ப்பே மேல்; சாரதிகளுக்குள் சமத்துவத்தைப் பார்த்தால் தரிப்பிடத்துச் சட்டமே மேல் என்பது என் எண்ணம். ஊபரும்கூட, விமான நிலையங்களில் காத்திருக்கும் சாரதிகளை முதலில் வந்தவருக்கு முதற் பிரயாணி என்ற வரிசையிலேதான் வைக்கிறது. எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கையில் அண்மை, சேய்மை பார்ப்பதில் ஆதாயமில்லை அல்லவா?

ஆனால் திரும்பி வரும் வழியைப் பற்றி வரிசைச் சட்டம் ஒன்றும் சொல்வதில்லை. சிவனொளிபாதமலைப் பருவத்தில், குருவிட்டவிலிருந்து எரத்ன வழியாக மலையேறும் யாத்திரிகரைக் கொண்டுபோய் இறக்கும் வண்டி காலியாகத் திரும்பினால், அந்த எரிபொருளுக்கு யார் காசு கொடுப்பது? பங்கீட்டு எரிபொருள் அட்டையைக் காட்டி வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோலில் முச்சக்கரவண்டிகள் ஓடிய 2022-ஆம் ஆண்டின் நாட்களில் இந்தக் கேள்விக்கு இருந்த உக்கிரத்தைச் சொல்லி முடியாது. திரும்பும் தூரத்துக்கும் சேர்த்துச் சாரதி கூலி கேட்கும்போது பிரயாணிகள் முணுமுணுக்கிறார்கள். கேட்பது நியாயமென்றே எனக்குப் படுகிறது. கெட்டிக்காரச் சாரதியோ அதோடு நில்லாமல், மேலே போய் ஆளை இறக்கியதும், தோட்டத்துக் கடைக்காரருக்கு ஓர் அழைப்பு எடுத்து, டவுனுக்கு இறங்க யாராவது நிற்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டுதான் வண்டியைத் திருப்புகிறார்.