மழைக்குப் பின் சாகும் குட்டிகள்

கோடை முழுக்கக் காய்ந்த தரையை நக்கிப் பிழைத்த ஆட்டுக்குட்டி, மழை பெய்து புல் முளைத்ததும் சாகிறது. ஆண்டுதோறும் நடக்கிறது. 'கண்ணு பட்டுடுச்சு' என்று அன்றைக்கே புதைத்தும் விடுகிறார்கள்.

வளரும் குட்டிக்கும் கன்றுக்கும் தீவனம் குறைந்தால் புதுத் தசை கட்டுவது தளரும். இருக்கிற தசைப் புரதமும் கரைந்து எரிபொருளாகும். குடலும் கல்லீரலும் சுருங்கும். திரும்பத் தீவனம் கண்டதும் முதலில் தேறுவது இவைதான், தசை பிறகுதான். போதிய புரதம் கிடைத்தால் விட்ட வளர்ச்சியை எட்டிப் பிடிக்கும். பால்குடி வயதிலேயே வாடியது மட்டும் முழுசாகத் தேறும் என்று நம்ப வேண்டாம்.

'பாவம், பசி' என்று ஒரே நாளில் அரிசியும் சோறும் சோளமும் கொட்டாதீர்கள். மாவுச்சத்து புளித்து வயிற்றில் அமிலம் ஏறும், கன்று படுத்துவிடும். மழைக்குப் பின் இளம்புல்லில் வயிறுமுட்ட மேய்ந்த குட்டிக்கோ துள்ளுமாரி நோய். துள்ளி விழுந்து சில மணி நேரத்தில் முடிந்துவிடும். இதற்குத் தடுப்பூசி உண்டு. மழைக்கு முன்பே போட வேண்டும்.

முதலில் உலர்தீவனம். அடர்தீவனத்தை இரண்டு வாரத்தில் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றுங்கள். புரதத்துக்குக் கடலைப் புண்ணாக்கு, அகத்தி, வேலிமசால் போதும். சூபாபுல் தழை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. யாரோ சொன்னார் என்று இளங்கன்றுக்கு யூரியா கலக்காதீர்கள், அது நஞ்சு. வயிறு உப்பினால், பல்லைக் கடித்தால், கால்நடை அவசர உதவி எண் 1962க்கு உடனே அழையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் காப்பீடு செய்த கால்நடை இறந்தால், அன்றைக்கே புதைக்காதீர்கள். முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். காது வில்லை எண் தெரியும்படி படம் எடுங்கள். பிறகு அரசு கால்நடை மருந்தகத்தில் பிரேதப் பரிசோதனை செய்து சான்றிதழ் வாங்குங்கள். 'டாக்டர் கேம்ப் போயிருக்கார், நாளைக்கு வாங்க' என்பார்கள். நாளைக்கு உடல் அழுகிவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும். பக்கத்து மருந்தகத்துக்கோ கோட்ட உதவி இயக்குநர் அலுவலகத்துக்கோ அப்போதே போங்கள். சான்றிதழ், பாலிசி நகல், கோரிக்கைப் படிவம், படம், காது வில்லை எல்லாம் சேர்த்துக் காப்பீட்டு நிறுவனத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள்.

வில்லை இல்லையென்றால் பணமில்லை என்று காப்பீட்டு நிறுவனத்தார் கைவிரிப்பார்கள். அது எங்காவது முள்ளில் மாட்டி விழுந்திருந்தால், கால்நடை உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்து மறுவில்லை போட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனை முடியும்வரை புதைக்காதீர்கள்.