பின்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்: கேமரன் மலை லேண்ட்ரோவருக்கு எது முதலில்?

தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்குப் போகும் சாலை ஏறத்தாழ 1,400 மீட்டர் கீழே இறங்குகிறது. சுமையோடு 2 டன் எடையுள்ள ஒரு லேண்ட்ரோவர் அந்த இறக்கத்தில் இழக்கும் நிலையாற்றல் சுமார் 27 மெகாஜூல். பள்ளியில் ‘முவாத்தான் ஹாபா தெந்து’ என்று படித்த கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். 20 பாகையில் இருக்கும் 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அந்த ஆற்றல் போதும். அதாவது 400 கிளாஸ் தேநீருக்கான வெப்பம்! இதில் ஒரு பங்கை இன்ஜினும் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மீதியெல்லாம் போய்ச் சேரும் இடம் பிரேக்.

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய பகுதியில் வசிக்கும் என் தாய்மாமாவிடம் பழைய லேண்ட்ரோவர் ‘சீரிஸ் 3’ ஒன்று உள்ளது. சில நாள் காய்கறிக் கூடைகளை ஏற்றுவார். சில நாள் தோட்டத்து ஆட்களை ஏற்றுவார். கடந்த செமஸ்டர் விடுமுறையில், “நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, பின்னால டிரம்மை எடுத்துட்டு டிஸ்க் போட்டா நல்லதா? கம்மி செலவுல முடியுமா?” என்று கேட்டார். பின்னால் ஆட்கள் உட்காரும் வண்டி என்பதால் வாய்க்கு வந்த பதிலைச் சொல்ல மனம் வரவில்லை. புத்தகத்தில் படித்ததையும் பட்டறையில் கேட்டதையும் சேர்த்து நான் கண்ட விடையை இங்கே பகிர்கிறேன்.

பழைய வண்டி, பழைய பிரேக்

ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது லேண்ட்ரோவர் என்ற வண்டியே கிடையாது. 1948இல் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில்தான் அது முதலில் உலகுக்குக் காட்டப்பட்டது. சேற்றுப் பாதைக்கும் செங்குத்தான ஏற்றத்துக்கும் ஏற்ற வண்டி என்பதால் கேமரன் மலையில் அது நிலைத்துவிட்டது. 1985 வரை தயாரான ‘சீரிஸ்’ ரகங்கள் இன்றும் இங்கே ஓடுகின்றன. அவற்றில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். அதே நிறுவனம் 1970இல் வெளியிட்ட ரேஞ்ச்ரோவரில் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். செலவைக் குறைக்க அது பின்னால் உதவும்.

டிரம் பிரேக்கில் இரண்டு ‘ஷூ’க்கள் உள்ளிருந்து வெளிப்புறமாக விரிந்து, சுழலும் டிரம்மை அழுத்தும். முன்னோக்கி இருக்கும் ஷூவை டிரம்மின் சுழற்சியே தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், காலால் குறைவாக அழுத்தினாலே பிரேக் நன்றாகப் பிடிக்கும். இது டிரம்மின் பலம்.

வெப்பம் ஏறும்போது டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. பெடல் மேலும் மேலும் கீழே போகிறது. லைனிங்கின் உராய்வும் குறைகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் ‘பிடிக்காமல் போவது’ இப்படித்தான். சேறும் தண்ணீரும் உள்ளே புகுந்தால் எளிதில் வெளியேறாது. டிஸ்க் திறந்த வெளியில் சுழல்வதால் விரைவில் குளிரும்; தண்ணீரையும் உதறிவிடும். எனவே டிஸ்க் நல்லது என்ற மாமாவின் எண்ணம் சரிதான். ஆனால் பின்சக்கரத்தில் மட்டும் மாற்றுவதில்தான் சிக்கல் இருக்கிறது.

முன்னா, பின்னா?

பிரேக் போடும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. இறக்கத்தில் அந்தச் சாய்வு இன்னும் அதிகம். பின்சக்கரங்களுக்குத் தரைப்பிடிப்பு குறைவாக இருக்கும் நேரத்தில் பின் பிரேக் கூடுதலாகப் பிடித்தால் அவை சுழலாமல் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் பக்கவாட்டுப் பிடியையும் இழந்துவிடும். வண்டியின் பின்பகுதி சுழன்று முன்னே வரப் பார்க்கும். காலி வண்டியில், மழை பெய்த தேயிலைத் தோட்டப் பாதையில், இது பள்ளத்தில் கொண்டுபோய் விடும்.

நிறுத்தும் வேலையில் பெரும் பங்கை முன்சக்கரங்களே செய்கின்றன. அதனால் கையில் இருக்கும் பணம் ஓர் அச்சுக்கு மட்டும்தான் போதும் என்றால், அது முன் அச்சுக்குத்தான் போக வேண்டும். லேண்ட்ரோவர் நிறுவனமும் இந்த வரிசையில்தான் நடந்தது. 1983இல் வந்த ‘ஒன் டென்’ ரகத்தில் முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம். அந்த வரிசை வண்டிகளுக்குப் பின் டிஸ்க் 1990களில்தான் வந்தது.

செலவு எங்கே குறையும்?

லேண்ட்ரோவர்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. பல வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் டிரம்முக்குள் இருக்கும். டிரம்மை எடுத்தால் ஹேண்ட் பிரேக்குக்குத் தனி வழி தேட வேண்டும். சீரிஸ் லேண்ட்ரோவரில் அது கியர்பெட்டிக்குப் பின்னால், பின்சக்கரத்துக்குச் செல்லும் தண்டைப் பிடிக்கிறது. பின் டிரம் போனாலும் ஹேண்ட் பிரேக் அப்படியே இருக்கும். ஒரு பெரிய செலவு மிச்சம். ஆனால் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கினால் அந்த ஹேண்ட் பிரேக் வண்டியைப் பிடிக்காது. மற்ற சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்த பிறகே கீழே குனியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து முழு கிட் வாங்குவது எளிது, விலைதான் அதிகம். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ‘ஹாஃப் கட்’ கடைகளில் பழைய ரேஞ்ச்ரோவர் அல்லது முதல் தலைமுறை டிஸ்கவரியின் கேலிப்பர்களைத் தேடுவது மலிவான வழி. கேலிப்பரின் இரும்பு உடல் நன்றாக இருந்தால் உள்ளே பிஸ்டனையும் ரப்பர் சீலையும் புதிதாக மாற்றிப் பயன்படுத்தலாம்.

பிரேக் பேட், ரப்பர் குழாய், பிரேக் எண்ணெய் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. தேய்ந்த டிஸ்க்கும் வேண்டாம். கேலிப்பரை அச்சோடு இணைக்கும் இரும்புத் தாங்கியை அனுபவமுள்ள லேத் பட்டறையில் அளவெடுத்துச் செய்ய வேண்டும். பிரேக் பிடிக்கும்போது வரும் முழு முறுக்கு விசையையும் அந்தத் துண்டுதான் தாங்குகிறது.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். படிவம் 5இல் வரும் பாஸ்கல் கோட்பாடு இங்கே நேரடியாக வேலை செய்கிறது. கேலிப்பர் பிஸ்டன் பெரியது. அதை நகர்த்த அதிக எண்ணெய் வேண்டும். சுழற்சியின் உதவி டிஸ்க்குக்கு இல்லாததால் அதிக அழுத்தமும் வேண்டும். எனவே வேக்குவம் பூஸ்டர் தேவைப்படும். டிரம் பிரேக்குக்கான பல மாஸ்டர் சிலிண்டர்களில் குழாயில் சிறிது அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் வால்வு ஒன்று இருக்கும். அதை அப்படியே விட்டால் பேட் எப்போதும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். இவற்றோடு முன்பின் அழுத்தத்தைச் சமன்படுத்தும் வால்வையும் சேர்த்துத்தான் மொத்தச் செலவைக் கணக்கிட வேண்டும்.

பிரேக் அமைப்பை மாற்றுவது வாகனத்தையே மாற்றுவதாகும். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் வருவதால், வேலையைத் தொடங்குவதற்கு முன்பே ஜேபிஜேயிடம் கேட்டு அனுமதி பெறுங்கள். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனமும் முதலில் அதைத்தான் கேட்கும்.

மாமாவுக்குச் சொன்ன பதில்

“மொதல்ல இருக்கிற டிரம்மைச் சரி பண்ணுங்க மாமா. அப்புறம் முன்னால டிஸ்க். பின்னால கடைசியா பார்த்துக்கலாம்” என்றேன். ஷூவின் இடைவெளியைச் சரிசெய்வது, கசியும் வீல் சிலிண்டரை மாற்றுவது, புது எண்ணெய் ஊற்றுவது ஆகிய மூன்றுக்கும் டிஸ்க் மாற்றும் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. புது ‘டாட் 4’ எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 பாகை. ஈரம் ஏறிய பின் அதற்கு விதித்த வரம்பு வெறும் 155 பாகை. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகி, பெடல் தரைவரை போய்விடும். மழையும் பனிமூட்டமும் நிறைந்த மலையில் எண்ணெயைக் காலத்தோடு மாற்றுவது அவசியம். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம் என்பதால் டிரம் தூசியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள்.

இறக்கம் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு மாறிவிடுவதற்கு ஒரு காசும் செலவில்லை. 400 கிளாஸ் தேநீரின் வெப்பத்தில் பெரும் பங்கை இன்ஜினே வாங்கிக்கொள்ளும். மாமா இப்போது டிரம் வேலையை முடித்துவிட்டு, முன் டிஸ்க்குக்குப் பணம் சேர்த்து வருகிறார்.

பாலிடெக்னிக்கிலும் தொழிற்கல்லூரியிலும் வாகனத் தொழில்நுட்பம் படிக்கும் நண்பர்களே, இது ஆய்வுத் திட்டத்துக்கு நல்ல தலைப்பு. ஒரே இறக்கத்தில், ஒரே சுமையோடு, மூன்றாவது கியரில் ஒருமுறையும் இரண்டாவது கியரில் ஒருமுறையும் இறங்கி, அகச்சிவப்பு வெப்பமானியால் டிரம்மின் வெப்பத்தை அளந்து பாருங்கள். விரிவுரையாளரின் மேற்பார்வையில் எடுத்த அந்த இரண்டு எண்களை உங்கள் வீட்டில் வண்டி ஓட்டுபவரிடம் காட்டுங்கள். ‘மெதுவா போங்க’ என்று நூறு முறை சொல்வதைவிட அது நன்றாகவே புரியும்.