ஊர் கூடினால் பிள்ளை பிழைக்கும்: தேவாலா வட்டாரம் காட்டும் வழி

தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் தேவாலாவில் குடை மடக்க நேரம் இருக்காது. தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் ஊர்களில் இதுவும் ஒன்று. தேயிலைக்கும் மிளகுக்கும் இந்த மழை வரம். ஆனால் காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வழுக்கும் ஒற்றையடிப் பாதையில் ஆஸ்பத்திரிக்கு நடக்கும் தாய்க்கு அதே மழைதான் பெரும் தடை.

கூடலூர், பந்தலூர் வட்டங்களில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் ஆகிய ஐந்து பழங்குடியினர் வாழ்கின்றனர். தோட்டங்களும் குடியேற்றங்களும் பெருகப் பெருக இவர்களின் நிலம் கைமாறியது. நிலம் போனபின் கூலி வேலை. கூலி இல்லாத நாளில் அரைவயிறு. அதன் பலன் முதலில் தெரிந்தது குழந்தைகளின் உடம்பில்தான். தடுப்பூசி போட்டிருந்தால் தப்பியிருக்கக்கூடிய பிள்ளைகள் இறந்தனர். பிரசவத்தில் தாய்மார்களும் இறந்தனர்.

1980களின் நடுவில் ஸ்டான் தெக்கேகரா, மாரி தெக்கேகரா தம்பதியர் கூடலூரில் ‘அக்கார்டு’ தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினர். முதல் வேலையாக ஊர் ஊராகச் சென்று மக்களைக் கூட்டிப் பேச வைத்தனர். ஊர்ச் சங்கங்கள் இணைந்து ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவானது. 1988 டிசம்பரில் நில உரிமை கேட்டு ஆயிரக்கணக்கானோர் கூடலூரில் ஊர்வலம் சென்றனர்.

கையிலிருந்த நிலத்தைக் காக்கப் பல குடும்பங்கள் தேயிலை நட்டன. நட்ட 3ஆம் ஆண்டு முதல் கொழுந்து கிடைக்கும். பராமரித்தால் 50 ஆண்டுக்கு மேலும் செடி நிற்கும். உழைத்தவர் யார் என்பதற்குச் செடியே சாட்சி.

உடல்நலத்திலும் இதே முறைதான். அந்தந்த ஊர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்து நலப் பணியாளர்களாகப் பயிற்சி கொடுத்தனர். குழந்தையை எடை போடுவது, கர்ப்பிணியைக் கவனிப்பது, தடுப்பூசி நாளை நினைவூட்டுவது இவர்கள் பொறுப்பு. சொந்த மொழியில் சொன்னதால் தாய்மார்கள் நம்பினர். 1990இல் கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை வந்தது. ‘அஸ்வினி’ அமைப்பு அதை நடத்துகிறது. பழங்குடிப் பெண்களே அங்கு செவிலியராயினர். 1992இல் சங்க உறுப்பினர்களுக்கு மருத்துவக் காப்பீடும் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கட்டினால், ஆஸ்பத்திரிச் செலவுக்காக ஆட்டையோ மாட்டையோ விற்க வேண்டாம். பிள்ளைகளின் படிப்புக்கு வித்யோதயா பள்ளி வந்தது. அங்கு ஆசிரியர்களும் பழங்குடியினரே.

நம் ஊரிலும் இதைத் தொடங்கலாம். செய்ய வேண்டியவை:

1. 10, 15 குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒரு நாள் கூடுங்கள். அன்று பிள்ளைகளைப் பற்றியும் பேசுங்கள்.

2. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் அங்கன்வாடியில் எடை போடுங்கள். எடை ஏறாவிட்டால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

3. மழைக்காலத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். வயிற்றுப்போக்கு கண்டால் உப்பு, சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

4. வீட்டோரம் முருங்கை, பப்பாளி, தண்டுக்கீரை வையுங்கள். மழை அதிகமுள்ள இடங்களில் பாத்தியை மேடாக அமைத்து வடிகால் எடுங்கள்.

5. பழங்குடியினரிடையே அரிவாள் அணு ரத்தசோகை காணப்படுகிறது. கணவன், மனைவி இருவருக்கும் இந்தக் குறையின் கூறு இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் பிறக்கும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 4இல் 1 பங்கு. திருமணத்துக்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

கொழுந்து விலை ஏறும், இறங்கும். அது நம் கையில் இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை இந்த மாதம் எடை ஏறியதா என்று விசாரிப்பது நம் கையில் இருக்கிறது. சங்கம் அமைப்பது, வீட்டுத் தோட்டம் போடுவது பற்றிய சந்தேகங்களைக் கேள்வி பதில் பகுதிக்கு எழுதிக் கேட்கலாம்.