காயலாங்கடை சாப்பர்

1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனி புல்லட் செய்தது நம்ம திருவொற்றியூரில்தான். அந்த ஊர்க்காரங்க சைக்கிளைச் சும்மா விடுவோமா?

முன் ஃபோர்க்கு நீண்ட வண்டிக்குப் பேர் சாப்பர். 1969-ல் இங்கிலாந்தின் ராலே கம்பெனி இந்தப் பேரிலேயே சைக்கிள் விட்டது. அதில் முன் சக்கரம் 16 இன்ச், பின் சக்கரம் 20 இன்ச்.

நானும் மாமாவும் காயலாங்கடையில் பழைய பிரேம், இரண்டு ஃபோர்க்கு, பெரிசும் சின்னதுமாக இரண்டு சக்கரம் எடைக்கு வாங்கினோம். ஒரு ஃபோர்க்கின் கால்களை அறுத்து மற்றதோடு சேர்த்து, மூட்டுக்குள்ளே இரும்புக் கம்பி செருகி, மாமா வெல்டிங் வைத்தார்.

ஃபோர்க்கு நீண்டால் முன்பக்கம் தூக்கும். அதைச் சரிக்கட்டத்தான் முன்னால் சின்னச் சக்கரம். நேராக ஓட்டினால் ஆடாமல் போகும். மெதுவாகத் திருப்பினால் ஹேண்டில்பார் ஒரு பக்கமா இழுக்கும். பள்ளத்தில் இறங்கினால் நீண்ட ஃபோர்க்கு நெம்புகோல் மாதிரி வெல்டிங்கை முறிக்கப் பார்க்கும். அதுக்குத்தான் உள்ளே கம்பி.

இன்னொரு சிக்கல், முன் பிரேக் சக்கரத்துக்கு எட்டாது. பின் பிரேக்கை நம்பித்தான் ஓட்டணும். அதனால் எங்கள் வண்டியில் எல்லாம் பழசு, பிரேக் கட்டை மட்டும் புதுசு! அப்பவும் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் ஆகும். ஆகவே செய்கிறவர்கள் தெருவுக்குள் ஓட்டுங்க. கன்டெய்னர் லாரி ஓடும் எண்ணூர் ஹைரோடு வேண்டவே வேண்டாம்.