தோமொ, தோமஸ், தோம: தமிழ் வழியில் ஒரு ஸ்பானிய வினை

மெக்ஸிகோவின் புவெப்லா நகரில் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு வந்து, இப்போது சென்னையில் ஸ்பானிய மொழி கற்றுத்தருகிறேன். வேலைக்காக மெக்ஸிகோவுக்கும் ஸ்பெயினுக்கும் போகிறவர்கள்தான் பெரும்பாலும் படிக்க வருகிறார்கள். எல்லோர் கையிலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடநூல் ஒன்று இருக்கும். வினைச்சொல் பாடத்தைத் திறந்தால் ஆறு வரிசைக் கட்டம்; மனப்பாடம் செய் என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். முதல் வகுப்பில் அந்த நூலை மூடி வைக்கச் சொல்வேன். பத்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தவருக்கு ஸ்பானிய வினையைப் பிரித்துப் பார்க்கத் தேவையான கருவிகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. பகுதி, விகுதி, இடைநிலை. இவை போதும்.

நான் தொடங்கும் வினை ‘தொமார்’. எடுப்பது, குடிப்பது, வண்டி பிடிப்பது, மருந்து சாப்பிடுவது எல்லாவற்றுக்கும் இது ஒன்றே வரும். கடைசியில் உள்ள ‘ஆர்’ஐ எடுத்துவிட்டால் ‘தொம்’ என்ற பகுதி நிற்கும். விகுதிகளை அதில் சேர்த்துக்கொண்டே போகலாம். தோமொ என்றால் எடுக்கிறேன். தோமஸ், எடுக்கிறாய். தோம, எடுக்கிறான் அல்லது எடுக்கிறாள். தொமாமொஸ், எடுக்கிறோம். தோமன், எடுக்கிறார்கள். ஸ்பெயினில் மட்டும் நண்பர்கள் பலரைப் பார்த்துப் பேசும்போது ‘தொமாய்ஸ்’ என்று இன்னொரு வடிவம் உண்டு. மெக்ஸிகோ போகிறவர்கள் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தமிழுக்கும் ஸ்பானியத்துக்கும் உறவு கிடையாது. அது லத்தீன் வழி வந்த மொழி. ஆனாலும் இரண்டிலும் செய்கிறவர் யார் என்பதை விகுதியே சொல்லிவிடுகிறது. ‘வந்தேன்’ என்றால் போதும், ‘நான்’ வேண்டியதில்லை. இதைத்தான் தோன்றா எழுவாய் என்று பள்ளியில் படித்தோம். ஸ்பானியத்திலும் ‘யொ’ என்ற ‘நான்’ பெரும்பாலும் வாய்க்கு வெளியே வராது. ‘நான்தான்’ என்று அழுத்திச் சொல்லும்போது வரும். ஆங்கிலப் பாடநூல் வழியே வருகிறவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘யொ’ போட்டுத் தொடங்குகிறார்கள். தமிழில் ஒருவர் மூச்சுக்கு மூச்சு ‘நான், நான்’ என்றால் எப்படிக் கேட்கும்? அங்கேயும் அப்படித்தான் கேட்கிறது.

பால் விஷயத்தில் தமிழ் அதிகம் சொல்கிறது. எடுத்தான், எடுத்தாள், எடுத்தார், எடுத்தது என்று நாம் பிரிக்கும் நான்குக்கும் ஸ்பானியத்தில் ‘தொமோ’ ஒன்றுதான். மரியாதையாக ஒருவரை ‘உஸ்தேத்’ என்று அழைக்கும்போதும் இதே படர்க்கை வடிவமே வரும். ‘தங்கள் அருள்’ என்று பொருள்படும் பழைய விளிச்சொல் தேய்ந்து உஸ்தேத் ஆனது. எதிரே நிற்பவரை அவராக அல்லாமல் அவருடைய அருளாகக் குறித்ததால் வினை படர்க்கைக்குப் போயிற்று.

மேலே தோமொ, தொமோ என்று நான் எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். ஸ்பானியத்தில் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பது பொருளையே மாற்றும். அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றதைக் குறிலாகவும் எழுதிக் காட்டுவது என் வகுப்பு வழக்கம். தோமொ: எடுக்கிறேன். தொமோ: எடுத்தார். படு, பாடு என்று பிரித்துக் கேட்டுப் பழகிய காது இதை உடனே பிடித்துக்கொள்கிறது.

துணைவினை சேராத இறந்தகாலம் ஸ்பானியத்தில் இரண்டு. மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான். நான் அதிக நேரம் செலவிடுவதும் இங்கேதான். முடிந்துபோன ஒரு செயலுக்கு தொமே, தொமாஸ்தெ, தொமோ, தொமாமொஸ், தொமாரொன். ‘அயேர் தொமே லேச்செ’ என்றால் நேற்று பால் குடித்தேன். வழக்கமாக நடந்துவந்ததற்கு தொமாப, தொமாபஸ், தொமாப, தொமாபமொஸ், தொமாபன். ‘தெ நீஞ தொமாப லேச்செ’ என்று ஒரு பெண் சொன்னால், சின்ன வயதில் பால் குடிப்பேன் என்று பொருள். தமிழ் வாக்கியத்தைப் பாருங்கள்: குடிப்பேன்! நடந்து முடிந்த பழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தை எடுக்கிறோம். ‘அப்போதெல்லாம் ஆற்றில்தான் குளிப்போம்’ என்று பாட்டி சொல்வதை யாரும் நாளைய திட்டமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே என் விதி எளியது. பழைய கதை சொல்லும்போது தமிழில் ‘குடித்தேன்’ வந்தால் தொமே; ‘குடிப்பேன்’ வந்தால் தொமாப. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, ஆனால் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தொமாபமொஸ் என்பதைப் பகுபதமாகவே பிரிக்கலாம்: தொம் பகுதி, ஆப இடைநிலை, மொஸ் விகுதி.

எதிர்காலத்துக்கு தொமரே, தொமராஸ் என்று தனி வடிவம் இருந்தாலும், மெக்ஸிகோ தெருவில் கேட்பது ‘வோய் ஆ தொமார்’, அதாவது எடுக்கப் போகிறேன். ஏவலில் உயிர் மாறும். தோழியிடம் ‘தோம’ என்பார்கள். மருத்துவர் நோயாளியிடம் மரியாதையாக ‘தோமெ’ என்பார். ‘ஏர்’, ‘ஈர்’ என்று முடியும் வினைகளில் இது தலைகீழாகும். சாப்பிடுவதைக் குறிக்கும் கொமேர், மரியாதை ஏவலில் ‘கோம’ ஆகும்.

புழக்கத்தில் ஓரிரண்டு எச்சரிக்கைகள். பேருந்து பிடிப்பதற்கு ஸ்பெயினில் ‘கொஹேர்’ என்ற வினையைச் சாதாரணமாகச் சொல்வார்கள். மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது ஆபாசச் சொல். தொமார் எங்கும் பாதுகாப்பானது. மெக்ஸிகோ விருந்தில் வெறுமனே ‘தோமஸ்?’ என்று கேட்டால் மதுவைத்தான் கேட்கிறார்கள். ‘அவர் குடிப்பாரா?’ என்று நம் ஊரில் கேட்பதும் தண்ணீரைப் பற்றி அல்லவே. ‘நோ தோமொ’ என்றால் புரிந்துகொள்வார்கள், வற்புறுத்தலும் பெரும்பாலும் அத்தோடு நிற்கும்.

அந்நியருக்கு இந்த வினைகளைச் சொல்லித்தரும் முயற்சி பழையது. அந்தோனியோ தெ நெப்ரிஹா எழுதிய காஸ்தீலிய மொழி இலக்கணம் 1492-இல் சலமாங்காவில் அச்சானது. அதன் ஐந்தாம் பகுதி வேற்றுமொழிக்காரர்களுக்கென்றே எழுதப்பட்டது. வினைகளை மூன்று வகையாக அன்றே பிரித்துவிட்டார். மூன்றில் இன்றும் வளர்வது ‘ஆர்’ வகை. ட்விட்டரில் எழுதுவதற்கு ‘துயிதெஆர்’, ஸ்கேன் செய்வதற்கு ‘எஸ்கனெஆர்’ என்று, புதிதாக மொழிக்குள் வரும் வினைகள் ஏறக்குறைய எல்லாம் இங்கேதான் சேர்கின்றன. இந்த வகையை முதலில் படிக்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

ஸ்பானியம் தொடங்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: முதல் மாதம் தொமார் ஒன்றை மட்டும் நிகழ்காலம், இரண்டு இறந்தகாலம், ஏவல் ஆகியவற்றில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ‘யொ’ சேர்க்காதீர்கள். பிறகு பேசுவதற்கான அப்லார், வேலை செய்வதற்கான த்ரபஹார், துவைப்பதற்கான லவார் ஆகியவற்றின் பகுதியை அதே விகுதிகளோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு விகுதிகூட மாறாது.