'குடிக்காதே' என்று சொன்னால் போதுமா? டீன் ஏஜ் பிள்ளைகளை ஐஸ்லாந்து மீட்டெடுத்த கதை!

1990-களில், ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் வெள்ளிக்கிழமை இரவு என்றாலே பெரியவர்களுக்குப் பயம். தெருவில் கும்பல் கும்பலாக டீன் ஏஜ் பிள்ளைகள், அதுவும் போதையில்! 1998-ல் எடுத்த கணக்கெடுப்பில், 15, 16 வயது மாணவர்களில் 42 சதவிகிதம் பேர், 'கடந்த ஒரு மாதத்தில் போதையாகும் அளவுக்குக் குடித்தேன்' என்றார்கள். 23 சதவிகிதம் பேருக்கு தினமும் சிகரெட் பழக்கம்.

2016-ல் அதே கேள்விகளைக் கேட்டபோது? குடி 5 சதவிகிதம், சிகரெட் 3 சதவிகிதம்.

'குடித்தால் உடம்பு கெடும்' என்ற வகுப்பறை அறிவுரையை அங்கேயும் வருடக்கணக்கில் செய்து பார்த்திருந்தார்கள். பலனில்லை. ஆய்வாளர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்... குடிக்காத பிள்ளைகளிடம் அப்படி என்ன இருக்கிறது?

வாரத்தில் மூன்று, நான்கு நாள் விளையாட்டோ இசையோ முறையாகக் கற்பது, ராத்திரியில் வெளியே சுற்றாமல் இருப்பது, பெற்றோருடன் நிறைய நேரம் இருப்பது. கடைசி விஷயத்தில்தான் பலருக்கும் ஆச்சர்யம். எப்போதாவது வெளியே அழைத்துப்போய் 'குவாலிட்டி டைம்' செலவிட்டால் போதும் என்று நினைத்திருந்த பெற்றோரிடம், 'மொத்தம் எத்தனை மணி நேரம் கூட இருக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்' என்றது அந்நாட்டுத் திட்டம். பெரிதாக எதுவும் பேச வேண்டாம், வீட்டில் இருந்தாலே போதும்!

சரி, வீட்டில் இவ்வளவும் செய்துவிட்டு, நண்பன் வீட்டில் பாட்டில் திறந்தால்?

'எல்லார் வீட்லயும் விடுறாங்க, நீங்க மட்டும்தான் இப்படி!' - எந்த நாட்டுப் பிள்ளையும் சொல்லும் வசனம் இது. ஒற்றை வீட்டின் கண்டிப்பு தோற்பது இந்த இடத்தில்தான். அதனால் ஐஸ்லாந்தில் பெற்றோர்கள் ஒன்றுசேர்ந்து ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்திட்டார்கள். பெரியவர்கள் இல்லாத பார்ட்டிக்கு அனுமதி கிடையாது, வயது வராதவர்களுக்கு மது வாங்கித் தரக் கூடாது, அடுத்த வீட்டுப் பிள்ளை மீதும் ஒரு கண் வைக்க வேண்டும். வார இறுதி இரவுகளில் பெற்றோர்களே குழுவாகத் தெருவில் நடந்தார்கள். திட்டுவதற்காக அல்ல, பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தாலே போதும் என்பதற்காக.

சட்டமும் துணைக்கு வந்தது. குளிர்காலத்தில் 13 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகள் இரவு 10 மணிக்கு மேல் தனியாக வெளியே இருக்கக் கூடாது. 'வெளியே போகாதே' என்றால் வேறு எங்கே போவது? விளையாட்டு, நடனம், இசை வகுப்புக் கட்டணத்துக்காக ரெய்க்யவிக் நகராட்சி ஒவ்வொரு பிள்ளைக்கும் வருடாந்தர உதவித்தொகை கொடுத்தது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் மைதானம் கிடைக்க வேண்டும் அல்லவா... இதை விட்டுவிட்டு ஊரடங்கை மட்டும் காப்பியடித்தால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது எரிச்சல்தான்.

1997-ல், வார நாள்களில் பெற்றோருடன் அடிக்கடி நேரம் செலவிடுவதாகச் சொன்ன 15, 16 வயதினர் 23 சதவிகிதம். 2012-ல் அது 46.

ஐஸ்லாந்து நம் மாவட்டம் ஒன்றைவிடவும் மக்கள்தொகை குறைந்த நாடு, ஒருவரையொருவர் தெரிந்துகொள்வது அங்கே சுலபம். அதே காலத்தில் பல ஐரோப்பிய நாடுகளிலும் டீன் ஏஜ் குடி குறைந்தது, ஆனால் இவ்வளவு வேகமாக அல்ல.

கணக்கெடுப்பு இன்றும் தொடர்கிறது. முடிவுகள் பள்ளி வாரியாகத் தரப்படுகின்றன. பெற்றோர் கூட்டத்தில் அவர்கள் பார்ப்பது நாட்டின் சராசரியை அல்ல, தங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் எண்ணை.