மனிதப் புரதம் சரி, எந்த மனுஷனோடது?

(எபிசோடின் எழுத்து வடிவம், படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது)

இன்னைக்கு ஒரு குட்டிக் குப்பியில இருந்து ஆரம்பிப்போம். உள்ளே உறைய வைத்து உலர்த்திய புரதம். மைக்ரோகிராம் கணக்குங்கிறதால சில சமயம் கண்ணுக்கே தெரியாது. லேபிள்ல 'ரீகாம்பினன்ட் ஹியூமன் சிடி16ஏ, ஆராய்ச்சிக்கு மட்டும்'னு இருக்கும். இதைப் பார்த்ததும் நமக்கு வர வேண்டிய கேள்வி: ஹியூமன் சரி, எந்த மனுஷன்?

சிடி16ஏ என்ன பண்ணுது?

ஆன்டிபாடி 'ஒய்' எழுத்து மாதிரி இருக்கும். ரெண்டு கையும் எதிரியைப் பிடிச்சுக்கும், வால் வெளியே நீட்டிட்டு இருக்கும். நம்ம ரத்தத்துல இருக்கிற நேச்சுரல் கில்லர் செல்களின் மேல்பரப்பில் இருக்கும் சிடி16ஏ, அந்த வாலைப் பிடிக்கும் கொக்கி. கொக்கி மாட்டினதும், ஆன்டிபாடி ஒட்டியிருக்கும் செல்லை கில்லர் செல் கொன்னுடும். ரிட்டுக்சிமாப் போன்ற புற்றுநோய் மருந்துகள் வேலை செய்யும் வழிகளில் இதுவும் ஒண்ணு. அதனாலதான் புதுசா ஒரு ஆன்டிபாடி செஞ்சா, இந்தக் கொக்கியில எவ்வளவு இறுக்கமா மாட்டுதுன்னு லேப்ல அளந்து பார்ப்பாங்க.

குப்பிக்குள்ள எப்படி வந்துச்சு?

யாரோட ரத்தத்துல இருந்தும் பிரிச்செடுக்கிறது இல்லை. கொக்கியோட வெளிப்பகுதிக்கான மரபணுவை மட்டும் வளர்ப்பு செல்களுக்குள்ள போடுவாங்க. செல் சவ்வுக்குள்ள புதைஞ்சிருக்கிற பகுதியையும் சேர்த்தா, தண்ணியில கரையாம கட்டி கட்டியா ஆயிடும். அடிக்கடி பயன்படுவது ஹெக் 293, அதாவது 1973-ல் நெதர்லாந்தின் லைடனில் மனிதக் கருவின் சிறுநீரக செல்களில் இருந்து உருவான செல் வரிசை. 293-ஆவது பரிசோதனைங்கிறதால அந்தப் பேர்! புரதத்தின் நுனியில ஆறு ஹிஸ்டிடின் சேர்த்துடுவாங்க. அது நிக்கல்ல ஒட்டும். அதை வெச்சே மத்த புரதங்கள்ல இருந்து பிரிச்சுடலாம்.

பாக்டீரியாவுல செஞ்சா மலிவாச்சேன்னு கேட்கலாம். செய்யலாம், ஆனா சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டாது. சிடி16ஏ-யில் அவை ஒட்டும் இடங்கள் ஐந்து. அதுல 162-ஆவது இடத்தில் இருப்பது ஆன்டிபாடியைப் பிடிக்கும் பலத்தையே மாத்தும். அதனால எந்த செல்லில் செஞ்சதுன்னு பார்க்காம ரெண்டு குப்பியை ஒப்பிடக் கூடாது.

இப்போ அந்த 'எந்த மனுஷன்'

இந்தப் புரதத்தின் 158-ஆவது இடத்தில் சிலருக்கு வாலின், சிலருக்கு ஃபினைலாலனின். அப்பா வழியில ஒண்ணு, அம்மா வழியில ஒண்ணுன்னு ரெண்டும் கலந்தும் வரலாம். ரெண்டுமே இயல்பு, ரெண்டுமே ஹியூமன். ஆனா வாலின் வகை ஆன்டிபாடியை இன்னும் இறுக்கமா பிடிக்கும்.

இதோட விளைவு நோயாளிகள்கிட்டயே தெரிஞ்சது. 2002-ல் பிரான்ஸில் ஃபோலிக்குலர் லிம்ஃபோமா இருந்த 49 பேருக்கு ரிட்டுக்சிமாப் மட்டும் கொடுத்துப் பார்த்தாங்க. ரெண்டு பிரதியுமே வாலினாக இருந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான். ரெண்டு மாசத்துல அவங்க எல்லாருக்குமே கட்டி சுருங்கியிருந்தது. ஒரு ஃபினைலாலனின் பிரதியாவது இருந்தவர்களில் 67 சதவீதம். சின்ன ஆய்வு, கீமோவும் சேர்த்துக் கொடுத்த பிந்தைய ஆய்வுகளில் இந்த வித்தியாசம் எப்போதும் தெளிவா வரல. ஆனாலும் கேள்வி முக்கியமானது.

ஏன்னா, ஒரு புது மருந்தை வாலின் குப்பியில மட்டும் சோதிச்சா ரிசல்ட் அழகா வரும். அந்த மருந்து போய்ச் சேரும் ஆட்களில் பெரும்பாலானவர்கள் உடம்புல இருக்கிறதோ இன்னொரு கொக்கி. அந்த பலவீனமான கொக்கியிலும் நல்லா மாட்டணும்னுதான், வாலில் ஃபியூக்கோஸ் என்ற சர்க்கரையைக் குறைச்ச ஆன்டிபாடிகளை வடிவமைச்சாங்க. 2013-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒபினுட்டுசுமாப் அந்த வகை.

கடைசியா ஒரு டிப்ஸ். லேப்ல புராஜெக்ட் பண்றவங்க, சில கேட்லாக்ல 158-க்குப் பதிலா 176-னு பார்த்தா குழம்ப வேண்டாம். ரெண்டும் ஒரே இடம். பின்னாடி வெட்டப்படும் ஆரம்பத் துண்டில் இருக்கிற 18 அமினோ அமிலங்களையும் சேர்த்து எண்ணியிருப்பாங்க, அவ்வளவுதான். ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி வாலினா ஃபினைலாலனினா, எந்த செல்லில் செஞ்சதுன்னு ரெண்டையும் பாருங்க. முடிஞ்சா ரெண்டு வகையிலும் சோதிச்சுப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!